தோன்றா எழுவாய்

வேசர் ஆற்றின் கரையில் ஒரு துறைமுக நகரம்.
அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடி,
பதினான்காம் பேழைக்குள்
மூன்று கொம்பு வைத்த தோல் தலையணி.
கீழே அட்டை:
"ஹெரேரோ பெண் அணிவது. தென்மேற்கு ஆப்பிரிக்கா.
1905-இல் பெற்றது."

பெற்றது.
நம் இலக்கணத்தில் இதற்கொரு பெயருண்டு:
தோன்றா எழுவாய்.
செய்தவன் வாக்கியத்துக்கு வெளியே நிற்பான்,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

வீப்கேவுக்கு வேலை
பழைய அட்டைகளை மாற்றி எழுதுவது.
ஓர் அட்டைக்கு அறுபது சொல்.
அதற்குமேல் யாரும் நின்று படிப்பதில்லையாம்.

ஆவண அறையில் அகப்பட்டது ஒரு கடிதம்.
லெப்டினன்ட் ரீடன் தன் அம்மாவுக்கு எழுதியது.
வெயில், ஈக்கள், குதிரைக்கு வயிற்றுவலி,
பிறகு கடைசியில், போகிறபோக்கில்:
"கிணறுகளுக்குக் காவல் போட்டிருக்கிறோம்.
நம் கூடத்துச் சுவரில் மாட்ட
வேடிக்கையான தொப்பி ஒன்று அனுப்புகிறேன்.
சொந்தக்காரிக்கு இனி அது தேவைப்படாது."

அன்று மாலை வீப்கே
டிராமில் இரண்டு நிறுத்தம் தவறவிட்டாள்.

முதல் வரைவு: "கொன்றவன் எடுத்தது."
ஓரத்தில் மேலாளரின் பென்சில்: சான்று?
இரண்டாவது: "இனப்படுகொலையின்போது எடுத்தது."
அறங்காவலர் ஒருவர் தொலைபேசினார்:
ரீடன் குடும்பம் இன்றும் நன்கொடை தருகிறது.
மூன்றாவதில் 'மோதல்' என்ற சொல்
கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தது.
மோதலாம்.
தண்ணீரும் தாகமுமா மோதிக்கொண்டன?

ஏப்ரலில் உவேரிகொன்ஜெரா வந்தாள்.
ஒகாகராராவில் பல் மருத்துவர்.
நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்பவள்
பேழை திறக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.
பிறகு தலையை லேசாகக் குனிந்து
கைகளை நீட்டினாள்,
வைத்துப் பார்க்கத்தான்.

"தொடக்கூடாது" என்றாள் வீப்கே,
நீலக் கையுறையோடு குறுக்கே வந்து.
"தோல் முழுக்க ஆர்செனிக்."

"யார் வைத்தது?"

எத்தனை வருடப் படிப்பு, எத்தனை கருத்தரங்கு.
ஆளில்லாத ஒரு பதில்
நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"நாங்கள்.
பூச்சி அரிக்காமலிருக்க.
முப்பத்தொன்றில் ஒருமுறை, ஐம்பத்தாறில் ஒருமுறை."

உவேரிகொன்ஜெரா சிரித்தாள்.
காவலாளி எட்டிப் பார்க்கும்வரை சிரித்தாள்.
"கிணற்றைக் காத்தீர்கள். தொப்பியைக் காத்தீர்கள்.
ரொம்பத்தான் காத்துவிட்டீர்கள்."

இப்போது பேழை காலி.
வெளிறிப்போன வெல்வெட்டில்
மூன்று முனையோடு ஓர் அடர்நீலத் திட்டு.
அட்டையில் ஐம்பத்தெட்டு சொல்.
மிச்சம் இரண்டு
அவள் பெயர் என்றாவது தெரிந்தால் எழுத.

முதல் சொல் மட்டும் எனக்கு உறுத்துகிறது.
நம்மிடம் இரண்டு உண்டு:
கேட்பவரை வெளியே நிறுத்தும் நாங்கள்,
உள்ளே இழுத்துக்கொள்ளும் நாம்.
அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒன்றே.
ஞாயிற்றுக்கிழமை வந்த ஒருவர்
அந்தச் சொல்லின்முன் வெகுநேரம் நின்றுவிட்டு
வருகைப் பதிவேட்டில் எழுதிப்போனார்:
"என் தாத்தா அங்கே ரயில்பாதை போட்டார்.
அதையும் சொல்லுங்கள்."
யாரை வைத்துப் போட்டார் என்று
அவரும் எழுதவில்லை.

தலையணி புறப்பட்டது செப்டம்பரில்.
சுங்கப் படிவத்தில்: அபாயகரமான பொருள்.
பெட்டியின் நான்கு பக்கமும்
மண்டையோட்டுப் படம் ஒட்டினார்கள், விதிப்படி.

அதே நிலவறையில், இரும்பு அலமாரியின்
இரண்டாம் தட்டில்,
படமல்லாதவை பதினேழு.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் மையால் ஓர் எண்.
அவற்றுக்கான அட்டை இன்னும் எழுதப்படவில்லை.

எழுதவில்லை.

வீப்கே எழுதவில்லை.